கரண்ட் எங்கே இருக்கிறது என்று போர்டில் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மெட்ரோ தண்டவாளத்தில் கரண்ட் ஓடுகிறது, கால் வைத்தால் ஆள் காலி என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி எங்கள் குடியிருப்புக் குழுவில் சுற்றிக்கொண்டிருக்கிறது. முப்பது வருடம் கம்பம் ஏறிய லைன்மேன் நான், இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

பெங்களூர், கொச்சி மெட்ரோவுக்கு வேண்டுமானால் இது கிட்டத்தட்டப் பொருந்தும். அங்கே மேலே கம்பியே கிடையாது. ரயில் ஓடும் இரண்டு தண்டவாளங்களுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒன்று மூடி போட்டுப் போகும், அதில் 750 வோல்ட் டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் கரண்ட். சென்னையில் கதையே வேறு, இங்கே ஆபத்து தலைக்கு மேலே இருக்கிறது, 25,000 வோல்ட் ஏசி, அதாவது வீட்டில் வருவது போலத் திசை மாறி மாறி ஓடும் கரண்ட். வீட்டில் வருவது 230 என்பதை நினைத்துப் பாருங்கள். ரயில் மேலிருந்து வாங்கிய கரண்ட் தண்டவாளம் வழியாகத்தான் திரும்பிப் போகிறது, ஆனால் அது எர்த்தோடு, அதாவது மண்ணோடு, சேர்ந்த பக்கம், மேலே இருக்கும் வோல்ட் அதில் இருக்காது. அதற்காக யாரும் இறங்கிப் பார்க்க வேண்டாம், ரயில் ஒன்று வரும் இல்லையா!

போன மாதம் பேத்தியுடன் மீனம்பாக்கத்தில் மெட்ரோ ஏறினேன். மேலே கம்பியைப் பார்த்துக்கொண்டே வந்தவள், சைதாப்பேட்டையில் ரயில் சுரங்கத்துக்குள் போனதும் "தாத்தா, இப்ப கம்பி எங்க?" என்றாள். நல்ல கேள்வி. சுரங்கத்தில் தொங்கும் கம்பி கிடையாது, கூரையை ஒட்டி அலுமினியச் சட்டம் ஒன்று ஓடுகிறது, அதன் அடியில் தாமிரக் கம்பியைக் கவ்வ வைத்திருக்கிறார்கள். இடமும் குறைவாகப் பிடிக்கும், கம்பி அறுந்து விழும் பயமும் இல்லை.

அப்புறம் பெங்களூரில் மட்டும் ஏன் கீழே வைத்தார்கள் என்றாள். கணக்குப் போட்டுக் காட்டினேன். ரயில் 10 லட்சம் வாட் இழுக்கிறது என்று வையுங்கள், 750 வோல்ட்டில் 1,300 ஆம்பியருக்கு (ஓடும் கரண்டின் அளவு) மேல் வேண்டும், 25,000 வோல்ட்டில் ஏறக்குறைய 40 போதும். அவ்வளவு ஆம்பியரைத் தூக்க மெல்லிய கம்பி தாங்காது, கனமான தண்டவாளம் வேண்டும், சப்-ஸ்டேஷனும் அடுத்தடுத்து வைத்துக்கொண்டே போக வேண்டும். பதிலுக்கு, மேலே கம்பிக்கு இடம் விட வேண்டாம் என்பதால் சுரங்கத்தைச் சின்னதாகத் தோண்டலாம், தெருவில் பார்க்கவும் அழகு. என் ஓட்டு மேல் கம்பிக்குத்தான், பழகிய கை.

நான் எழுத வந்த விஷயம் வேறு. குரோம்பேட்டைக்காரன் நான், எங்கள் கடற்கரை – தாம்பரம் பாதையில் 1931லேயே 1,500 வோல்ட் டிசியில் மின்சார ரயில் ஓடியது, 1960களில்தான் 25,000 வோல்ட் ஏசிக்கு மாறினார்கள். இத்தனை வருடம் கம்பிக்குக் கீழேயே வாழ்ந்தும் நம் ஆட்களுக்கு ஒன்று புரியவில்லை: இந்தக் கம்பியைத் தொட்டால்தான் ஆபத்து என்றில்லை, கிட்டே போனாலே கரண்ட் காற்றைத் தாண்டிப் பாயும். 2 மீட்டருக்குள் போகக் கூடாது என்பது ரயில்வேயின் விதி. நின்ற கூட்ஸ் வண்டி மேல் செல்ஃபிக்காக ஏறிய பையன்கள் கம்பியைத் தொடாமலேயே கருகியதும் உண்டு.

இரண்டு வாரம் முன்பு ஒரு பெரியவர் புதிதாக வாங்கிய ஒட்டடைக் கம்பை, அலுமினியம், இழுத்தால் நீளும் வகை, பிளாட்பார ஓரத்தில் முழு நீளத்துக்கு இழுத்து நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய்க் கையைப் பிடித்து இறக்கினேன். "தொட்டாத்தானே சார் ஷாக் அடிக்கும்?" என்றார். அவருக்குப் பின்னால் இருந்த போர்டில் 'தொடாதே, அபாயம்' என்று மட்டும்தான் எழுதியிருந்தது.

அந்த வாசகத்தை மாற்றச் சொல்லுங்கள். 'மேலே 25,000 வோல்ட், 2 மீட்டருக்குள் கம்போ, கழியோ, கையோ வரக் கூடாது' என்று பெரிய எழுத்தில், படத்தோடு. மெட்ரோ மேம்பால நிலையங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

– ஓய்வுபெற்ற லைன்மேன், குரோம்பேட்டை