வீட்டில் யார் இருக்கிறார்கள்?

அன்புள்ள கமலாவுக்கு,

உன் கடிதம் வந்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாளா? போட்டோ அனுப்புடி. எனக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் வேலூர் பெண்கள் சிறையில் எழுத்து வகுப்பை விடவில்லை. உள்ளே என்னதான் பேசுவார்கள் என்று கேட்டிருந்தாய். வேறென்ன, வீட்டைத்தான் பேசுகிறார்கள்.

ஆயுள் தண்டனைக்காரி ஒருத்தி, "அண்ணிக்கு ஒரு கடுதாசி எழுதித் தாங்க டீச்சர்" என்றாள். சொல்லச் சொல்ல எழுதினேன். மாடு சினை பிடித்ததா, கொல்லை முருங்கையில் கம்பளிப்பூச்சி ஏறினால் உடனே பந்தம் காட்டு, அடுக்குப் பானையில் மூன்றாவதில் விதை அவரை இருக்கிறது, வண்டு அரிப்பதற்குள் வெயிலில் போடு. அந்த வீட்டை இடித்து மெத்தை வீடு கட்டியது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் பழைய வீட்டுக்குள்தான் நடமாடுகிறாள்.

பரோல் கேட்டால் நன்னடத்தை அலுவலர் ஊருக்குப் போய் விசாரிப்பார். வீட்டில் ஏற்றுக்கொள்வார்களா, அக்கம்பக்கத்தில் ஆட்சேபம் உண்டா என்று. ஏற்றுக்கொள்ள ஆள் இல்லையென்றால் கிடைப்பது கஷ்டம். 2017 ஆகஸ்டில், ராஜீவ் காந்தி கொலை வழக்கில் சிறையிலிருந்த பேரறிவாளன் 26 வருடம் கழித்து முதல்முறை பரோலில் ஜோலார்பேட்டை வீட்டுக்கு வந்தாரே, அவருக்காக நடையாய் நடக்க அவர் அம்மா அற்புதம்மாள் இருந்தார். இந்தப் பெண்களுக்கு யார்? ஆண்கள் சிறை வாசலில் மனு போட்டு உள்ளே இருப்பவரைப் பார்க்க மனைவியும் அம்மாவும் கைப்பிள்ளையோடு காத்துக் கிடக்கிறார்கள். பெண்கள் சிறைக்கு வரும் புருஷன்மார்களை நான் அதிகம் பார்த்ததில்லை. எனக்கு மனசே ஆறவில்லை.

பிள்ளைகள் விஷயம் இன்னும் கொடுமை. ஆறு வயது வரை தாயோடு இருக்கலாம். சிறையில் பிறந்தாலும் பிறந்த இடம் சிறை என்று பதியக் கூடாது, அந்தப் பகுதியின் முகவரியைத்தான் போட வேண்டும் என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் ஆறு வயதில் வெளியே கூட்டிப் போகும்போது பிள்ளை வீட்டுக்குப் போகணும் என்று அழுதால், அது கேட்பது அம்மா இருக்கும் அந்த அறையைத்தானே?

சரி, உன்னிடம் ஒரு உதவி. அந்தக் கடுதாசிக்கு இதுவரை பதில் இல்லை. அவள் அண்ணன் வீடு போளூர்ப் பக்கம்தான், உனக்குக் கிட்ட. ஒரு நடை போய்ப் பேசிப் பார்க்கிறாயா? அண்ணிக்காரி முதலில் முகம் கொடுக்க மாட்டாள், பொறுத்துக்கொள். விசாரிக்க வரும்போது "வரட்டும்" என்று அவர்கள் சொன்னால் போதும், பொங்கலுக்குப் பரோல் கேட்டுப் பார்க்கலாம். சரியென்றால் போன் பண்ணு, விவரம் சொல்கிறேன்.

அன்புடன்,
சரோஜா