ஒரு நாளைக்கு இருபது விண்ணப்பம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த, வீட்டிலிருந்தே ஃப்ரீலான்ஸ் வேலை செய்து சம்பாதிப்பது பற்றிய கட்டுரையைப் படித்தேன். கணக்குத் தொடங்குவது, ப்ரொஃபைல் எழுதுவது எல்லாம் சரியாகத்தான் சொல்லியிருந்தார்கள். ஆனால் "தினமும் 20 விண்ணப்பமாவது அனுப்புங்கள், ஒன்றாவது சிக்கும்" என்ற யோசனையைப் பார்த்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். அதே யோசனையை யாரோ சொல்லக் கேட்டு முதல் மூன்று மாதத்தை வீணடித்தவள் நான். ஐந்து ஆண்டுகளாகச் சப்டைட்டில் மொழிபெயர்ப்புதான் என் தொழில். வேலை எல்லாமே இணையத் தளங்கள் வழியாக வருவதுதான்.

தொடக்கத்தில் ஒரு கடிதத்தை அழகாக எழுதி வைத்துக்கொண்டேன். 'மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா, நான் கடின உழைப்பாளி, குறித்த நேரத்தில் முடித்துத் தருவேன்' என்று போகும். அதையே 47 பேருக்கு அனுப்பினேன். பதில் வந்தது இரண்டே இரண்டு. ஒன்று மோசடி, அதற்கு அப்புறம் வருகிறேன். இன்னொருவர், "என் விளம்பரத்தின் கடைசி வரியைப் படித்தீர்களா?" என்று மட்டும் கேட்டிருந்தார். போய்ப் பார்த்தால், 'இதுவரை படித்தவர்கள் உங்கள் பதிலை நீலம் என்ற சொல்லில் தொடங்குங்கள்' என்று இருந்தது. என் கடிதமோ வழக்கம்போல 'மதிப்பிற்குரிய' என்று தொடங்கியிருந்தது. வெட்கமாகப் போய்விட்டது.

விண்ணப்பம் அனுப்புவது எல்லா இடத்திலும் இலவசமும் இல்லை. அப்வொர்க் என்ற வேலைத் தளத்தில் அதற்குக் 'கனெக்ட்' என்ற டோக்கன் வேண்டும். ஒரு கனெக்டின் விலை 15 அமெரிக்க சென்ட். ஒரே வேலைக்குப் பத்து, பதினைந்து கனெக்ட்கூடக் கேட்கும். தினம் 20 அனுப்புகிறவர் வருமானம் வருவதற்கு முன்பே செலவு செய்துகொண்டிருக்கிறார்.

எனக்குக் கண் திறந்தது போன ஆண்டுதான். ஒரு விரிவுரைத் தொடர், முப்பது வீடியோ, ஒரேயடியாக வந்தது. தனியாக முடியாது என்பதால் துணைக்கு ஆள் தேடி நானே கிளையன்டாக, அதாவது வேலை கொடுப்பவராக, விளம்பரம் போட்டேன். மறுநாள் காலையில் 63 விண்ணப்பம்! பட்டியலில் ஒவ்வொருவருக்கும் பெயர், படம், கேட்கும் தொகை, கடிதத்தின் முதல் இரண்டு வரி. அவ்வளவுதான் தெரிகிறது. மீதியைப் படிக்க அழுத்தித் திறக்க வேண்டும். அந்த இரண்டு வரியில் பெரும்பாலானவர்கள் நலம் விசாரித்திருந்தார்கள், இல்லையென்றால் எட்டு வருட அனுபவம் என்றிருந்தார்கள். ஒரே ஏஐ கருவியில் எழுதி வாங்கியதுபோலப் பத்துப் பன்னிரண்டு கடிதம் ஒரே வாக்கியத்தில் தொடங்கின. உண்மையைச் சொல்கிறேன், அவற்றை நான் திறக்கவே இல்லை. என்னுடைய அந்த 47 கடிதத்துக்கும் இதே கதிதானே ஆகியிருக்கும்?

திறந்தது நான்கு. அதில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்: "நீங்கள் இணைத்திருக்கும் வீடியோவில் பேசுபவர் ரொம்ப வேகம். ஒரு வரிக்கு 42 எழுத்து என்று வைத்தால் தமிழ் அடங்காது. வாக்கியத்தைச் சுருக்கட்டுமா, இரண்டு திரையாகப் பிரிக்கட்டுமா?" அவருக்கு ரேட்டிங் ஒன்றுகூட இல்லை. கேட்ட தொகையும் குறைந்தது இல்லை, பட்டியலில் நடுவில் எங்கோ இருந்தது. வேலையை அவருக்கே கொடுத்தேன். மிகக் குறைவாகக் கேட்டவர்களைப் பார்த்தபோது எனக்கு வந்தது சந்தேகம்தான். இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டிக் கொடுத்துவிடுவார்களோ என்று.

இன்று நான் வாரத்துக்கு நான்கைந்து விண்ணப்பத்துக்கு மேல் அனுப்புவதில்லை. ஒவ்வொன்றுக்கும் அரைமணி நேரம் ஆகிறது. வீடியோவைப் பார்க்கிறேன், இரண்டு நிமிடத்தை மொழிபெயர்த்தே அனுப்பிவிடுகிறேன். ஆனால் 'சோதனைக்கு' என்று முழு வீடியோவையும் இலவசமாகக் கேட்டால் மறுத்துவிடுகிறேன். பத்துப் பேரிடம் பத்துப் பகுதியை வாங்கிச் சேர்த்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். ப்ரொஃபைலில் இருந்த தட்டச்சு, டேட்டா என்ட்ரி, லோகோ எல்லாவற்றையும் நீக்கிவிட்டுச் சப்டைட்டிலை மட்டும் வைத்தேன். அதற்கப்புறம்தான் கிளையன்ட்களே என்னைத் தேடி எழுதத் தொடங்கினார்கள்.

அடுத்தது வேலை கொடுக்கும் ஆளைப் பார்ப்பது. பரீட்சை எழுதுவது நாம் மட்டும்தான் என்று நினைத்துவிடுகிறோம். பணம் கட்டும் வழியைத் தளம் சரிபார்த்திருக்கிறதா, இதுவரை எத்தனை பேரை அமர்த்தியிருக்கிறார், வேலை செய்தவர்கள் அவரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதெல்லாம் விளம்பரத்தின் ஓரத்திலேயே இருக்கிறது. அவர் மற்றவர்களுக்குக் கொடுத்த ரேட்டிங்கையும் படியுங்கள். எல்லாருக்கும் ஒன்றும் இரண்டும் போட்டவர் நமக்கு மட்டும் ஐந்தா போடப்போகிறார்?

நான் ஏமாந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். மொத்தத் தொகை பேசிச் செய்யும் வேலையில், கிளையன்ட் முதலில் பணத்தைத் தளத்திடம் கட்டிவைக்க வேண்டும். அப்வொர்க்கில் இதற்கு எஸ்க்ரோ என்று பெயர். வேலையை ஒப்படைத்தபின் அவர் 14 நாள் பேசாமல் இருந்தாலும் பணம் தானாக நம் பக்கம் வந்துவிடும். ஆனால் பணம் கட்டியிருந்தால்தான். வேறொரு தளத்தில் ஒரு கிளையன்ட், "அவசரம், நீங்கள் தொடங்குங்கள், நாளை கட்டிவிடுகிறேன்" என்றார். மூன்று நாள் இரவும் பகலும் உட்கார்ந்து இரண்டு மணி நேர வீடியோவை முடித்து அனுப்பினேன். ஆளைக் காணோம். தளத்தில் முறையிட்டேன். கட்டியே வைக்காத பணத்தை எங்கிருந்து எடுத்துத் தருவது என்றார்கள். கோபம் வந்தாலும் அவர்கள் சொன்னது நியாயம்தான்.

மணிக்கு இவ்வளவு என்று கூலி பேசிச் செய்யும் வேலையிலும் இப்படி ஒன்று உண்டு. அப்வொர்க்கின் நேரக் கணக்குச் செயலி ஓடினால்தான், அது எடுக்கும் ஸ்கிரீன்ஷாட்கள் இருந்தால்தான், மணிக்கூலிக்குப் பாதுகாப்பு. நாமே கையால் பதியும் நேரத்துக்கு அது கிடையாது.

அந்த மோசடிக்கு வருகிறேன். முதல் செய்தியிலேயே 'டெலிகிராமுக்கு வாருங்கள்' என்றார்கள். ஸ்கேன் செய்த 200 பக்கத்தை வேர்டில் தட்டச்சு செய்ய வேண்டும், பெரிய தொகை தருவோம் என்றார்கள். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள் இருக்கும் காலத்தில் இதற்கு ஏன் அவ்வளவு கூலி என்று எனக்குத் தோன்றவே இல்லை. பாதி முடித்ததும் 'பாதுகாப்பு டெபாசிட்' கட்டச் சொன்னார்கள், கூலியோடு திருப்பித் தருவோம் என்று. நல்லவேளை, அந்த வாரம் என்னிடம் பணமே இல்லை.

உண்மையான கிளையன்ட்களும் சில சமயம் தளம் எடுக்கும் கமிஷனை மிச்சம் பிடிக்கலாம் என்று தளத்துக்கு வெளியே அழைப்பார்கள். அப்வொர்க் விதிப்படி, அங்கே அறிமுகமானவரிடம் இரண்டு ஆண்டுக்கு அங்கேதான் பணம் வாங்க வேண்டும், இல்லையென்றால் கணக்கையே முடக்கலாம். கமிஷன் வலிக்கத்தான் செய்கிறது. ஃபைவர் என்ற தளம் நம் கையிலிருந்து 20 சதவீதம் எடுக்கிறது. அப்வொர்க் 2025 மே மாதத்திலிருந்து புது ஒப்பந்தங்களுக்கு, வேலையைப் பொறுத்து 15 சதவீதம் வரை எடுக்கிறது. இதைக் கூட்டித்தான் தொகையைச் சொல்ல வேண்டும். முதல் ஆண்டு நான் கூட்டாமலே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கட்டுரையாளரிடம் ஒரு வேண்டுகோள். வெளியே கொடுக்கும்படி அவரிடம் சின்ன வேலை ஏதாவது இருந்தால், ஒருமுறை கிளையன்டாகக் கணக்குத் தொடங்கி விளம்பரம் போட்டுப் பார்க்கட்டும். வந்து குவியும் விண்ணப்பங்களில் எத்தனையைத் திறந்தார் என்பதை அடுத்த ஞாயிறு எழுதினால் படிக்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சப்டைட்டில் மொழிபெயர்ப்பாளர்
(பெயர் வெளியிட வேண்டாம்)