நான் சொல்லாமல் விட்ட பாதி

குலசேகரம்,
பிப்ரவரி, ஞாயிறு காலை

அன்பு மக்களே,

ரப்பர் தோட்டத்தில் இலை எல்லாம் உதிர்ந்துவிட்டது. பால்வெட்டை நிறுத்தி இரண்டு வாரம் ஆகிறது, சிரட்டைகளைக் கவிழ்த்து வைத்தாயிற்று. அம்மா சுகம். முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை.

போன வாரம் நீ போனில், செல்கள் எப்படிச் சாகின்றன என்கிற உன் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. 32 வருஷம் உயிரியல் எடுத்தேன். மைட்டோகாண்ட்ரியா என்றால் செல்லின் ஆற்றல் நிலையம் என்று கரும்பலகையில் எழுதி, அடிக்கோடு போட்டு, அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். உனக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தேன். ஒரு செல் சாவதிலும் அதற்குக் கை உண்டு என்று எந்தப் பிள்ளைக்கும் சொன்னதில்லை. ஷியாவ்டாங் வாங் என்ற விஞ்ஞானியின் குழு அதைக் கண்டு எழுதியது 1996-இல். அப்போது நான் வேலையில்தான் இருந்தேன். தேடிப் படித்திருக்க வேண்டும்.

நீ அனுப்பியதை மூன்று தடவை வாசித்தேன். புரிந்தது சரிதானா, பார். சைட்டோகுரோம் சி என்ற புரதம் மைட்டோகாண்ட்ரியாவின் இரண்டு சவ்வுகளுக்கு நடுவே இருந்து எலக்ட்ரானைக் கடத்திக்கொடுக்கிறது. செல் மூச்சுவிடுவதே அதை நம்பித்தான். செல்லுக்குச் சரிசெய்ய முடியாத சேதம் வந்தால் பாக்ஸ், பாக் என்ற புரதங்கள் வெளிச்சவ்வில் துளை போடுகின்றன. சைட்டோகுரோம் சி வெளியே கொட்டுகிறது. அங்கே அது ஏபாஃப்-1 என்ற புரதத்தோடு சேர, அப்படி ஏழு ஜோடி கூடி ஒரு சக்கரமாகிறது. அந்தச் சக்கரம் காஸ்பேஸ்-9 நொதியை எழுப்ப, அது காஸ்பேஸ்-3-ஐ எழுப்ப, அப்புறம் செல் உள்ளுக்குள்ளேயே துண்டுதுண்டாகிறது. துண்டுகளைச் சுற்றிச் சவ்வு இருப்பதால் எதுவும் சிந்துவதில்லை. பக்கத்துச் செல்கள் அவற்றை விழுங்கிவிடுகின்றன.

நேற்று வரை மூச்சுக்கு உதவிய அதே புரதம்! இதை வாசித்துவிட்டு வெகுநேரம் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

நீ பிறந்த அன்று உன் விரல்களை ஒவ்வொன்றாக எண்ணினேன். கருவில் அந்த விரல்களுக்கு நடுவே சவ்வு இருந்தது, அந்தச் செல்கள் செத்துத்தான் விரல் பிரிந்தது என்று அப்போது எனக்கு நினைவில்லை. பாக்ஸும் பாக்கும் இல்லாத எலிகளில் பிழைத்தவற்றுக்கு விரலிடைச் சவ்வு அப்படியே மிஞ்சியதாமே.

ஆனால் என்னை உலுக்கியது பிசிஎல்-2 பற்றிய பகுதிதான். மைட்டோகாண்ட்ரியாவில் துளை விழாமல் காக்கிற புரதம் அது. பேச்சிப்பாறை அணையின் மதகு மாதிரி என்று வைத்துக்கொண்டேன். மூட வேண்டிய நேரத்தில் மூடவும், திறக்க வேண்டிய நேரத்தில் திறக்கவும் வேண்டும். உன் அத்தைக்கு வந்த ஃபாலிகுலர் லிம்போமா என்ற ரத்தப் புற்றுநோயில் பெரும்பாலும் 14-ஆம், 18-ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்கின்றன. அதனால் பிசிஎல்-2 அளவுக்கு மீறி உண்டாகிறது, மதகு திறப்பதே இல்லை. அத்தையின் செல்கள் வெறிபிடித்துப் பெருகுகின்றன என்றே கடைசிவரை நினைத்திருந்தேன். சாக வேண்டியவை சாகாமல் தங்கியதுதான் நோயின் வேர் என்று இப்போது தெரிகிறது. பிசிஎல்-2 செல்லைப் பெருக்குவதில்லை, உயிரோடு பிடித்துவைக்கிறது என்று டேவிட் வாக்ஸும் கூட்டாளிகளும் மெல்போர்னில் 1988-இலேயே காட்டியிருக்கிறார்கள். அந்தப் புரதத்தை மடக்குகிற வெனிடோகிளாக்ஸ் மாத்திரைக்கு, வேறொரு வகை ரத்தப் புற்றுநோய்க்காக, அமெரிக்காவில் 2016-இல் அனுமதி கிடைத்தது. அத்தை அதற்கு முன்பே போய்விட்டாள்.

1972-இல் கெர், வைலி, கரி என்ற ஆய்வாளர்கள் மூவரும் இந்தச் சாவுக்கு அப்போப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். கிரேக்கத்தில் இலை உதிர்வதைச் சொல்கிற சொல். ஸ்காட்லாந்தில் அபர்டீனில் கிரேக்கம் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் ஒருவர் எடுத்துக்கொடுத்தாராம். ரப்பர் இலையும் காற்றடித்து மட்டும் விழுவதில்லை மக்களே. காம்படியில் மரமே ஒரு அடுக்கைத் தளர்த்துகிறது, அதற்கு முன் இலையிலிருக்கும் சத்தில் ஒரு பங்கைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. கிளை நுனிகளில் செம்பு நிறத்தில் தளிர் வந்திருக்கிறது.

போன மாசம் ஆய்வகத்தில் நீ வளர்த்த செல்கள் எல்லாம் செத்துப்போயின என்று அழுதாயே, அப்போது என்ன சொல்வதென்று தெரியாமல் சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்தேன். இனி அப்படி ஏதாவது நடந்தால் எப்படிச் செத்தன என்று சொல். வெடித்துச் செத்தனவா, சுருங்கிச் செத்தனவா என்று கேட்கும் அளவுக்காவது இப்போது எனக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுப் பிளஸ் டூ பிள்ளைகள் இரண்டு பேர் பாடம் கேட்க வருகிறார்கள். நுண்ணோக்கியில் சைட்டோகுரோம் சி வெளியே பரவியதைப் பச்சை நிறத்தில் காட்டுகிற படம் உன்னிடம் இருந்தால் வாட்ஸ்அப்பில் அனுப்பு. குலசேகரத்தில் பிரிண்ட் எடுத்துவிடுவேன்.

அன்புடன்,
அப்பா