லங்கர் ஏழைகளுக்காக மட்டும் போடும் பந்தியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குருநானக் ஜெயந்தியையொட்டித் தங்கள் ஆன்மிகப் பக்கத்தில் வந்த கட்டுரையில், பொற்கோயிலில் ஏழைகளின் பசியைப் போக்க லங்கர் என்ற இலவச உணவு வழங்கப்படுவதாக ஒரு வரி இருந்தது. படித்ததும் மனசு சங்கடப்பட்டது. வங்கி வேலையாகப் பல வருஷம் அமிர்தசரஸில் குடும்பத்தோடு இருந்தவன் நான்.

லங்கரில் ஏழையும் சாப்பிடுகிறார், உண்மைதான். ஆனால் எல்லாரும் ஒரே தரையில், ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும் என்பதற்காக ஏற்பட்டது அது. சீக்கியர்களின் மூன்றாவது குரு அமர்தாஸ், தன்னைப் பார்க்க வருகிறவர் யாரானாலும் முதலில் பந்தியில் உட்கார வேண்டும் என்று விதியே வைத்தார். அக்பரும் அப்படி உட்கார்ந்து சாப்பிட்டதாக அங்கே சொல்வார்கள். சோற்றுக்கு வழியில்லாமலா அக்பர் வந்தார்?

என் அப்பா ஊரிலிருந்து வந்தபோது பொற்கோயிலுக்கு அழைத்துப் போனேன். நீளமான விரிப்பில் அவருக்கு ஒரு பக்கம் ரிக்‌ஷாக்காரர், மறுபக்கம் என் மேலதிகாரி. அப்பா ஒரு கையை நீட்டினார். ரொட்டி கொண்டுவந்தவர் பேசாமல் நின்றார். இரண்டு கையையும் ஏந்திய பிறகுதான் போட்டார். மேலதிகாரியும் அப்படித்தான் ஏந்தி வாங்கினார். சாப்பிட்டு முடித்ததும் அவர் நேரே செருப்பு வைக்கும் இடத்துக்குப் போய், யார் யாருடைய செருப்பையோ துணியால் துடைத்து அடுக்க ஆரம்பித்துவிட்டார். இதைத்தான் சேவா என்கிறார்கள். ஊர் திரும்பும்வரை அப்பாவுக்கு இதே பேச்சு.

குறையே இல்லாத சமூகம் என்று சொல்லவில்லை. பஞ்சாப் கிராமங்களில் குருத்வாராக்கள் என்கிற சீக்கியக் கோயில்கள் சாதிவாரியாக இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். 1920இல், தாழ்த்தப்பட்ட சாதிகளிலிருந்து சீக்கியரானவர்கள் கொண்டுவந்த கடா பிரசாதத்தை, அதாவது கோதுமை மாவு அல்வாவை, பொற்கோயில் பூசாரிகளே ஏற்க மறுத்தார்கள். பெரிய தகராறாகி, குருத்வாராக்களின் நிர்வாகமே கைமாற அதுவும் ஒரு காரணமானது. இதையெல்லாம் தாராளமாக எழுதுங்கள். சாதியை எதிர்த்துப் போட்ட பந்தியைத் தர்மச் சாப்பாடு ஆக்கிவிடாதீர்கள்.

அதே கட்டுரையில் சீக்கியர்களின் கடவுள் குருநானக் என்றும் இருக்கிறது. உருவமில்லாத, பிறப்பில்லாத ஒரே இறைவன் என்று சொல்லிக்கொடுத்தவரையே கடவுளாக்கிவிட்டீர்கள். 1708இல் பத்தாவது குரு கோவிந்த் சிங், தனக்குப் பிறகு குரு கிரந்த சாகிப்தான் குரு என்று அறிவித்தார். 1430 பக்கமுள்ள அந்த நூலில் குருமார்களின் பாடல்களோடு கபீரும், சூஃபி ஃபரீதும், செருப்புத் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்த ரவிதாஸும் இருக்கிறார்கள். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இது முதல் தடவையும் இல்லை. முன்பு ஒரு படத்துக்குக் கீழே 'கத்தியுடன் சுற்றும் சீக்கியர்' என்று போட்டீர்கள். 1699இல் ஆனந்தபூரில் கால்சா என்ற தீட்சை பெற்ற சீக்கியர் அமைப்பு உருவானபோது, கேசம், சீப்பு, இரும்புக் காப்பு, அரைக்கால் உள்ளாடை இவற்றோடு அவர்கள் ஏற்ற சமயச் சின்னம்தான் கிர்பான் என்கிற அந்தக் கத்தி. நம் அரசியல் சட்டத்தின் 25வது பிரிவே அதை அணியும் உரிமையைச் சொல்கிறது. ஆசிரியரான உங்களுக்குத் தெரியாததா? அப்புறம், அந்த சர்தார்ஜி ஜோக்குகள். எங்கள் வீட்டில் அம்மை போட்டிருந்தபோது, பக்கத்து வீட்டு சர்தார் அம்மா தினமும் சாப்பாடு செய்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். அவர் வீட்டுப் பையனை முட்டாளாக்கித் தங்கள் இதழில் ஜோக் வரும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அப்போதும் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை.

லங்கர் எல்லாருக்குமானது, குருநானக் கடவுள் அல்ல, குரு என்று அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். அதே ஆன்மிகப் பக்கத்தில் போட்டால் போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
திருச்சி.