நாவல் எழுதும் மாப்ளைக்கு

அன்புள்ள மாப்ளே,

நலம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலந்தானே. நீ அனுப்பிய அத்தியாயங்கள் வந்து நாளாயிற்று, படித்தும் முடித்துவிட்டேன், பதில்தான் தள்ளிக்கொண்டே போய்விட்டது. முதலில் அம்மா ஊரில் கோயில் கொடை, அது முடிந்து வந்தால் வீட்டில் மராமத்து, கொத்தனார் இன்றைக்கு வந்தால் நாளைக்கு வரமாட்டார், சிமென்ட் இருந்தால் மணல் இருக்காது. என் வீட்டுக்காரிக்கு, அதான் உன் தங்கச்சிக்கு, முட்டுவலி பரவாயில்லை, குற்றால சீசன் தொடங்கினால் போகணும் என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். படிக்கிறவன் கதையில் எதைத் தேடுகிறான், சம்பவமா, ஆளா, ஊரா, நடையா என்று கேட்டுவிட்டு, பதிலையும் நீயே எழுதியிருக்கிறாய்: அடுத்து என்ன ஆகும் என்ற பதைப்புதான் சோறு, மற்றதெல்லாம் தொடுகறி என்று. உத்தியோகம் பார்த்த காலத்தில் கூட்டத்துக்குக் கூட்டம் இப்படித்தான் தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்தாயா?

பதைப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி நம்ம வீட்டுக்குள் வந்து போனதைச் சொன்னேன் இல்லையா, அலமாரியின் கீழ்த்தட்டுப் புத்தகங்கள் எல்லாம் சேற்றோடு சேறாகிவிட்டன, மொட்டை மாடியில் காயப்போட்டும் பக்கம் பக்கமாக ஒட்டிக்கொண்டு உரிக்கவே வரவில்லை. அப்புறம் கொஞ்சங்கொஞ்சமாகத் திரும்ப வாங்கினேன். இப்போது தட்டைப் பார்த்தால், ராத்திரி கண் விழித்துப் படித்த துப்பறியும் நாவல் ஒன்றுகூட அதில் இல்லை. கொன்றது யார் என்று தெரிந்துவிட்டது, சோலி முடிந்தது. திரும்ப வந்து உட்கார்ந்திருப்பது எல்லாம் கதை என்ன என்று எனக்கு ஏற்கெனவே தெரிந்த புத்தகங்கள்.

பூமணியின் ‘வெக்கை’யை எடுத்துக்கொள். 1982இல் வந்தது, நம்ம கரிசல் பக்கத்து ஆள் எழுதியது. வேறு யாராவது எழுதியிருந்தால் அந்தக் கொலையைக் கடைசிக்குக் கொண்டுபோய் வைத்திருப்பார்கள். அவர் எடுத்த எடுப்பிலேயே போட்டு உடைத்துவிட்டார். பதினைந்து வயசுப் பையன் கையை மட்டும் வெட்டத்தான் நினைத்தான், ஆள் செத்துப்போனான். யார், எதற்கு, எப்படி என்று பொத்திவைக்க ஒன்றும் மிச்சமில்லை. அதற்குப் பிறகு அப்பனும் மகனும் காட்டுக்குள் ஒளிந்து திரிவதுதான் நாவல், நாமும் கீழே வைக்காமல் படிக்கிறோம். எதற்காக? அந்தப் பையன் இதை எப்படித் தாங்கப்போகிறான், அந்த அப்பன் அவனை என்ன சொல்லித் தேற்றப்போகிறான் என்பதற்காக. இதுவும் பதைப்புதான் மாப்ளே, ஆனால் ஆளைப் பற்றிய பதைப்பு. நீ மூன்றாம் அத்தியாயத்தில் கடிதத்தை ஒளித்து, பெட்டியை ஒளித்து, பெட்டிக்குச் சாவியையும் ஒளித்து வைத்திருக்கிறாயே, அது வேறு.

கொடையில் இந்தத் தடவை விடிய விடிய வில்லுப்பாட்டு கேட்டேன். முத்துப்பட்டன் கதை. பந்தலில் இருந்தவர்களில் அந்தக் கதை தெரியாதவர் யார்? தூங்கி விழுகிற பிள்ளைகளைத் தவிர ஒருத்தரும் கிடையாது. பிராமணப் பையன் காட்டில் பொம்மக்கா, திம்மக்கா என்ற இரண்டு பெண்களைப் பார்த்து ஆசைப்படுவான், கல்யாணம் கட்டுவான், மாடு களவாட வந்தவர்களோடு சண்டையிட்டுச் சாவான், பெண்கள் இரண்டு பேரும் தீயில் இறங்குவார்கள். எல்லோருக்கும் மனப்பாடம். அப்படியிருந்தும், பெண்களின் தகப்பன், செருப்புத் தைக்கிற சாதிக்காரரான வாலப்பகடை, நிபந்தனை போடுகிற இடம் வந்ததும் கூட்டம் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்துவிட்டது. பூணூலை அறு, குடுமியை எடு, செருப்புத் தைத்துக்கொண்டு வா, பிறகு பெண்ணைத் தருகிறேன். புலவர் அந்த இடத்தில் வில்லைத் தட்டுகிற வீசுகோலைக் கீழே வைத்துவிட்டார், வில் இல்லை, குடம் இல்லை, உடுக்கு மட்டும் மெதுவாக. முத்துப்பட்டன் தோலை எடுத்து மடியில் வைக்கிறான், தைக்கத் தெரியாமல் தைக்கிறான். எனக்குப் பக்கத்தில் இருந்த ஆச்சி “ஏ அய்யா, இந்தப் பாடு படணுமா” என்று வாய்விட்டே சொன்னாள். ஆயுசு பூராவும் கேட்ட கதைதான் அவளுக்கு.

காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயர் என்று சாமியாகிவிட்ட முத்துப்பட்டனின் சன்னிதியில் இன்றைக்கும் ஜனங்கள் தோல் செருப்பைத்தானே கொண்டுபோய் நேர்ச்சையாகக் கட்டுகிறார்கள். கட்டின செருப்பு அடுத்த வருஷம் பார்த்தால் தேய்ந்திருக்கும், அவர் போட்டுக்கொண்டு நடக்கிறார் என்பார்கள். அத்தனை பெரிய கதையில் சண்டை இருக்கிறது, சாவு இருக்கிறது, தீ இருக்கிறது, ஜனங்கள் பிடித்துக்கொண்டது செருப்பை. ஒருத்தன் தனக்கு வேண்டியதற்காக எதை விட்டுக்கொடுத்தான் என்பது அந்த ஒரு காரியத்தில் தெரிகிறது, அதனால்தான். என் கட்சி இவ்வளவுதான்: உன் ஆளுக்கு என்ன வேணும், அதற்காக அவன் எதை இழக்கத் தயார், அதைப் படிக்கிறவன் கண்ணால் பார்க்கிற மாதிரி ஒரு காரியம். இது இருந்தால் மற்றதில் முன்னேபின்னே இருந்தாலும் மன்னித்துவிடுவார்கள்.

உன் ஆள் என்ன செய்கிறான் என்று பார். ஊருக்கு வந்து இறங்குகிறான், நெல்லையப்பர் கோபுரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறான், ஆற்றங்கரையில் நின்று பெருமூச்சு விடுகிறான், சாயங்காலம் இருட்டுக்கடை வாசலில் வரிசையில் நின்று, அங்கேயும் அதேதான். இதைப் படிக்க வெளியூர்க்காரன் வேண்டுமானால் சந்தோஷப்படுவான். அவன் கால் கிலோ அல்வாவை வாங்கி, இரண்டு பொட்டலமாகக் கட்டித் தரச் சொல்லட்டுமே. ஒன்று அம்மாவுக்கு. இன்னொன்று யாருக்கு என்று நான் கேட்பேன், அவன் சொல்லவேண்டாம். அப்போது கீழ ரத வீதி தானாக வந்து நிற்கும், நீ வர்ணிக்கவே வேண்டாம்.

புதுமைப்பித்தன் இதில் எமகாதகர். ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் கடவுளை மெட்ராசுக்குக் கூட்டிக்கொண்டு வருகிறார், யார் நம்புவார்கள்? ஆனால் அதற்கு முன்னாலேயே கந்தசாமிப் பிள்ளையை பிராட்வே முனையில் நிறுத்தி, டிராமில் போனால் என்ன மிஞ்சும், பஸ்ஸில் போனால் காப்பி குடிக்கலாமா, வெற்றிலை போடலாமா என்று காலணாக் கணக்குப் போட வைத்துவிடுகிறார். அந்தக் கணக்கை நம்பிவிட்டோம், அப்புறம் கடவுள் வந்தால் என்ன, யார் வந்தால் என்ன.

வட்டார வழக்கைப் பற்றியும் கேட்டிருந்தாய். கி. ராஜநாராயணன் கரிசல் சொல்லுக்கு அகராதியே போட்டவர், ஆனால் அவர் கதையில் அந்தச் சொல் வருகிற இடத்தில் அதைத் தவிர வேறு சொல் பொருந்தாது. நீ எல்லார் வாயிலும் ‘ஏலே’ போட்டிருக்கிறாய். மாமனாரிடம் பேசுகிற மருமகன் ஏன் ஏலே என்கிறான்? அடி வாங்குவான். நடையைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை, உனக்கு நல்லாவே வருகிறது.

இதையெல்லாம் உன் தங்கச்சியிடம் சொன்னேன். அவளுக்குச் சம்மதமில்லை. நல்லவள் கடைசியில் கஷ்டப்பட்டால் அந்தப் புத்தகமே வேண்டாம், கெடுத்தவன் அனுபவிக்கணும், முடிவுதான் முக்கியம் என்கிறாள். வாரப் பத்திரிகைத் தொடரைக் கிழித்து, படத்தோடு சேர்த்து பைண்டு பண்ணி வைத்திருந்தாள், அதுவும் வெள்ளத்தில் போச்சு, அதற்கு அழுதவள். நான் சிரித்தேன். பிறகு யோசித்தால் அவள் சொல்வதிலும் ஞாயம் இருக்கிறது: இவ்வளவு பாடுபட்டவளுக்கு என்ன கிடைத்தது என்று அவள் கணக்குப் பார்க்கிறாள், அந்த ஆளை நம்பினதால்தானே கணக்கு. ஆனால் உன் முடிவை அவளுக்காக மாற்றிவிடாதே, எனக்கு அந்த முடிவு பிடித்திருக்கிறது. அவளிடம் சொல்லவேண்டாம்.

மூன்றாம் அத்தியாயத்தை மட்டும் திரும்ப எழுது, பெட்டியும் சாவியும் இல்லாமல். அந்தத் தங்கை, அண்ணன் வந்ததும் அடுப்படியிலிருந்து வெளியே வராமலே பேசுகிறாளே, அவளை இன்னும் கொஞ்ச நேரம் பேசவிடு, நாவலே அவளுடையதோ என்று எனக்குத் தோன்றியது. அடுத்ததை மொபைலில் அனுப்பாமல் பிரிண்ட் எடுத்துத் தபாலில் போடு, கண் எரிகிறது. ஆனித் தேருக்கு வருகிறாயா இல்லையா என்று முன்கூட்டியே சொல், மாடி அறைக்கு வெள்ளை அடிக்கச் சொல்லணும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்