கட்டி நிறுத்தியிருந்த படகு வீட்டில் நடந்த உரிமச் சோதனை: கட்டணத்தைத் திருப்பித் தர மறுத்தது குறித்த புகார்

அனுப்புநர்:
தங்கள் நிறுவனத்தில் படகு வீடு முன்பதிவு செய்த வாடிக்கையாளர்,
மதுரை.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
படகு வீட்டுச் சுற்றுலா நிறுவனம்,
மதுரைக் கிளை.

பொருள்: செல்லுபடியாகும் ஆய்வுச் சான்றிதழ் இல்லாத படகில் எங்களைத் தங்க வைத்தமை, கட்டணத்தைத் திருப்பித் தர மறுத்தமை குறித்து.

ஐயா,

வணக்கம். ஆலப்புழாவில் ஓர் இரவு தங்குவதற்காக மூன்று படுக்கையறைகள் கொண்ட படகு வீடு ஒன்றை, முழுக் கட்டணமாகிய ரூ.26,000-ஐ முன்கூட்டியே செலுத்தி, தங்கள் மதுரைக் கிளையின் வழியாகப் பதிவு செய்திருந்தோம். மாலையில் கால்வாய்க் கரையோரம் படகு கட்டி நிறுத்தப்பட்டிருந்தபோது அதிகாரிகள் நடத்திய சோதனையில், அதன் ஆய்வுச் சான்றிதழ் எப்போதோ காலாவதியாகிவிட்டது என்பது தெரியவந்தது. எங்களை இறக்கிவிட்டுப் படகைப் பிடித்து வைத்தார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டு நான் அனுப்பிய மின்னஞ்சலுக்கு, இது அரசு நடவடிக்கையால் ஏற்பட்ட தடங்கல் என்றும், வெள்ளம், புயல் போன்றவற்றுக்கு எப்படி நிறுவனம் பொறுப்பாகாதோ அப்படியே இதற்கும் பொறுப்பாகாது என்றும் பதில் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பதிலை என்னால் ஏற்க இயலவில்லை. ஏன் என்பதைத் தாங்களும், தங்களுக்கு மேலுள்ளவர்களும் தெளிவாக அறிய வேண்டும் என்பதற்காகவே இக்கடிதத்தைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

நண்பகலில் படகில் ஏறினோம். பகல் பயணத்தைப் பற்றியோ உணவைப் பற்றியோ எனக்கு எந்தக் குறையும் இல்லை. மாலையில் மீனவர்கள் வலை விரிக்கத் தொடங்கும் நேரத்துக்குள் படகு வீடுகள் ஓட்டத்தை நிறுத்திக் கரை சேர்ந்துவிட வேண்டும் என்பது அங்குள்ள நடைமுறை. அதன்படி எங்கள் படகையும் குட்டநாட்டுக் கால்வாய் ஒன்றின் கரையில் தென்னை மரத்தோடு கட்டினார்கள். இருட்டத் தொடங்கிய வேளையில் அதிகாரிகளின் படகு அக்கால்வாயில் வருவதைக் கண்டதும், தங்கள் நிறுவனத்தின் மேற்பார்வையாளர் எங்களிடம் விரைந்து வந்து, யார் கேட்டாலும் நீங்கள் படகு உரிமையாளரின் உறவினர்கள் என்றும், விருந்தினராக வந்திருக்கிறீர்கள் என்றும் சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். எழுபது வயதைக் கடந்த என் தாயாரிடமும் அதையே சொன்னார். அதிகாரி வந்து கேட்டபோது என் தாயார், "நாங்க மதுரைங்க, காசு கட்டித்தான் வந்திருக்கோம்" என்று உள்ளதைச் சொன்னார். பணம் கொடுத்து வந்த ஒரு முதியவரை அரசு அலுவலரின் முன் பொய் சொல்லும்படி கேட்டதை, இந்நிகழ்ச்சியில் எல்லாவற்றையும்விடக் கடுமையான குற்றமாக நான் கருதுகிறேன். என் மின்னஞ்சலில் இதை முதலாவதாகக் குறிப்பிட்டிருந்தும், தங்கள் பதிலில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அடுத்து நடந்தது எங்களை இன்னும் அதிர்ச்சியடைய வைத்தது. படகின் முன்கூடத்தில் கண்ணாடிச் சட்டமிட்ட சான்றிதழ் ஒன்று மாட்டியிருந்தது. ஏறியவுடன் அதைப் பார்த்து, எல்லாம் முறையாக இருக்கிறது என்று நம்பினோம். அதிகாரி அதில் அச்சிட்டிருந்த பதிவு எண்ணையும், படகின் உடற்பகுதியில் வண்ணத்தில் எழுதப்பட்டிருந்த பதிவு எண்ணையும் அருகருகே படித்துக் காட்டினார். இரண்டும் வேறு வேறு. மாட்டியிருந்தது தங்கள் நிறுவனத்துக்குச் சொந்தமான மற்றொரு படகின் சான்றிதழ். நாங்கள் இருந்த படகின் சான்றிதழோ காலாவதியானது. உயிர்காப்பு அங்கிகளை எடுத்து வைக்கச் சொன்னபோது, படகில் இருந்தவர்களின் எண்ணிக்கைக்கு அவை போதவில்லை. குழந்தைகளுக்கேற்ற அளவில் ஒன்றுகூட இல்லை.

உள்நாட்டு நீர்வழிகளில் ஓடும் இயந்திரப் படகுகள் குறித்து 1917-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமே, ஆய்வுச் சான்றிதழின் படியொன்றைப் படகில் இருப்பவர்கள் அனைவரும் எளிதில் படிக்கக்கூடிய இடத்தில் ஒட்டி வைக்க வேண்டும் என்று உரிமையாளருக்குக் கட்டளையிட்டது. அதன் நோக்கம் பயணி தன் கண்ணாலேயே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான். அந்தச் சட்டத்தின் இடத்தில் இப்போது 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்திருக்கிறது. ஆய்வும் பதிவும் காப்பீடும் இல்லாமல் படகை இயக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை. இந்தச் சூழலில் வேறொரு படகின் சான்றிதழைச் சட்டமிட்டுப் பயணியின் கண்ணெதிரே மாட்டி வைப்பதை, புதுப்பிக்க மறந்துபோன செயல் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். யாரோ ஒருவர் யோசித்துச் செய்த ஏற்பாடு அது. அதைச் செய்தவர் யார், எவருடைய உத்தரவின் பேரில் செய்தார் என்பதைத் தாங்கள் விசாரித்தே ஆக வேண்டும்.

தங்கள் பதிலின் இரண்டாவது பகுதியில், படகு அப்போது ஓட்டத்தில் இல்லை, கட்டித்தான் கிடந்தது, எனவே அந்த நேரத்தில் நடந்த சோதனையே தேவையற்றது என்று எழுதியிருக்கிறீர்கள். படகு வீட்டுத் தொழிலில் இருக்கும் ஒரு நிறுவனம் இப்படி எழுதலாமா? படகு வீட்டில் தங்குபவர்கள் மாலை முதல் மறுநாள் காலை வரை, அதாவது தாம் செலுத்திய கட்டணத்துக்குரிய நேரத்தின் பெரும்பகுதியை, கட்டிய படகில்தான் கழிக்கிறார்கள். சமையல் எரிவாயு உருளை எரிவதும், குளிர்சாதனத்துக்காக ஜெனரேட்டர் இரவெல்லாம் ஓடுவதும், குழந்தைகள் தூங்கிப்போவதும் அந்த நேரத்தில்தான். கட்டுவள்ளம் என்பது ஒரு காலத்தில் குட்டநாட்டு நெல்லை ஏற்றிச் சென்ற படகு; அயனி மரப் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து, ஆணியில்லாமல் கட்டப்பட்டது. அதே வடிவத்தின் மேல் இன்று படுக்கையறைகளையும், குளியலறைகளையும், மாடியையும் ஏற்றி வைக்கிறோம். நீர்மட்டத்துக்குக் கீழே பலகை எந்த நிலையில் இருக்கிறது, மேலே ஏற்றிய சுமைக்கு அது சாயாமல் நிற்குமா, எத்தனை பேரைத் தாங்கும், தீயணைப்பான் வேலை செய்கிறதா என்பதை உரிய காலத்தில் ஒருவர் பார்த்துக் கையெழுத்திடுவதுதான் அந்த ஆய்வு. 2020-ஆம் ஆண்டு ஜனவரியில் வேம்பநாட்டு ஏரியில் பாதிராமணல் தீவுக்கருகே ஒரு படகு வீடு தீப்பிடித்து எரிந்ததும், பயணிகள் தண்ணீரில் குதித்து உயிர் தப்பியதும் தாங்கள் அறியாத செய்தியாக இருக்க முடியாது. அது பகலில் நடந்தது. நள்ளிரவில், எல்லோரும் உறங்கும்போது, காலாவதியான படகில் அப்படி ஒன்று நடந்திருந்தால் என் குடும்பத்தின் நிலை என்ன? இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

உண்மையில், சோதனை செய்வதற்குப் படகு கட்டிக் கிடக்கும் நேரமே பொருத்தமானது என்று நான் நினைக்கிறேன். ஓடும் படகை நடு ஏரியில் மறித்து ஏறுவதைவிட, கரையோரம் நிற்கும் படகில் ஏறி, எண்ணைச் சரிபார்த்து, ஆட்களை எண்ணி, ஆவணங்களை வாங்கிப் பார்ப்பது எல்லோருக்கும் பாதுகாப்பானது. அன்று வந்த அதிகாரிகள் எங்களிடம் கண்ணியமாகவே நடந்துகொண்டார்கள். என் தாயாரைக் கைத்தாங்கலாகத் தம்முடைய படகில் ஏற்றி, எங்கள் உடைமைகளையும் எடுத்து வைத்து, நகரத்துப் படகுத்துறையில் கொண்டுவந்து விட்டார்கள். அந்த இரவில் எங்களைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் அவர்கள்தான். தங்கள் நிறுவனத்தின் அவசரத் தொடர்பு எண்ணை அழைத்தபோது, வேறு படகோ அறையோ ஏற்பாடு செய்ய முடியாது, காலையில் பேசலாம் என்ற பதில் மட்டுமே கிடைத்தது. நாங்களே ஒரு விடுதியைத் தேடித் தங்கினோம்.

கேரளத்து நீர்நிலைகளில் நடந்த விபத்துகளைத் தமிழ்நாட்டுக்காரர்கள் மறந்துவிட முடியாது. 2009 செப்டம்பர் 30-ஆம் தேதி தேக்கடியில் 'ஜலகன்யகா' படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் நம் மாநிலத்திலிருந்து சென்றவர்கள். 2002 ஜூலையில், நாங்கள் பயணம் செய்த அதே வேம்பநாட்டு ஏரியில், முகம்மையிலிருந்து குமரகத்துக்குச் சென்ற பயணிகள் படகு மூழ்கி 29 பேர் மாண்டார்கள். 2023 மே 7-ஆம் தேதி மலப்புறம் மாவட்டம் தானூரில், மீன்பிடிப் படகை மாற்றியமைத்து உல்லாசப் படகாக ஓட்டியதில், குழந்தைகள் உட்பட 22 பேர் உயிரிழந்தார்கள். இவ்வளவுக்குப் பிறகும் ஒரு நிறுவனம் உரிமச் சோதனையைத் தன் தொழிலுக்கு நேர்ந்த இடையூறாகக் கருதுவது எனக்கு மிகுந்த வேதனையளிக்கிறது.

முன்பதிவு விதிமுறைகளில் பொடி எழுத்தில் ஒரு விதி இருப்பதைச் சுட்டிக்காட்டியிருக்கிறீர்கள். அரசு உத்தரவு, வேலைநிறுத்தம், இயற்கைச் சீற்றம் ஆகியவற்றால் பயணம் தடைப்பட்டால் கட்டணம் திருப்பித் தரப்படாது என்பது அவ்விதி. மாவட்ட நிர்வாகம் மழை எச்சரிக்கை விடுத்து எல்லாப் படகுகளையும் நிறுத்தியிருந்தால் அதை நான் ஏற்றுக்கொண்டிருப்பேன். ஆனால் அன்று அதே கால்வாயில் எங்களுக்கு முன்னும் பின்னும் கட்டியிருந்த மற்றப் படகுகளையும் அதிகாரிகள் சோதித்தார்கள். சான்றிதழ் சரியாக இருந்த படகுகளில் தங்கியிருந்தவர்கள் இரவு உணவை முடித்துவிட்டு நிம்மதியாக உறங்கினார்கள். தகுதிச் சான்றிதழ் (எஃப்.சி.) இல்லாத பேருந்தை ஆர்.டி.ஓ. நிறுத்திவிட்டால், பயணச்சீட்டு வாங்கியவரிடம் அது அரசின் செயல் என்று பேருந்து உரிமையாளர் சொல்ல முடியுமா? சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டிய பொறுப்பு முழுக்க முழுக்கத் தங்களுடையது. அதைச் செய்யாததன் விளைவைப் பயணியின் தலையில் கட்டும் விதி, எத்தனை சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தாலும், நியாயமான விதியாகாது. மதிய உணவும் பகல் பயணமும் வழங்கிவிட்டதால் பாதிச் சேவை நிறைவேறிவிட்டது என்ற தங்கள் கணக்கையும் நான் ஏற்கவில்லை. ஓட்டவே அனுமதியில்லாத படகில் எங்களை ஏற்றிச் சென்றதை எப்படிச் சேவையாகக் கணக்கிடுவது?

பதிலின் இறுதியில், இது படகு ஊழியர்களின் கவனக்குறைவு என்றும், அவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் படகை ஓட்டியவரும், உதவியாளரும், சமையல்காரரும் எங்களை அன்போடு கவனித்துக்கொண்டார்கள். சான்றிதழைப் புதுப்பிப்பதும், கட்டணம் செலுத்துவதும், படகை ஆய்வுக்குக் கரையேற்றுவதும் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்களின் கையில் இல்லை. என் புகாரைக் காரணமாகக் காட்டி அவர்களுடைய வேலையையோ ஊதியத்தையோ பறித்தீர்கள் என்று அறிந்தால், அதை எதிர்த்தும் நான் எழுதுவேன்.

ஆகவே நான் கேட்பது இதுதான். செலுத்திய ரூ.26,000 முழுவதையும், அன்றிரவு விடுதிக்கும் வாடகை வாகனத்துக்கும் நாங்கள் செய்த செலவையும் திருப்பித் தர வேண்டும். எங்களைப் பொய் சொல்லச் சொன்னதற்காக என் தாயாருக்கு நிறுவனத்தின் பொறுப்பான அலுவலர் ஒருவர் கையெழுத்திட்ட மன்னிப்புக் கடிதம் வர வேண்டும்; பணத்தைவிட இது எனக்கு முக்கியம். இனி வழங்கும் ஒவ்வொரு முன்பதிவுச் சீட்டிலும், பயணிக்கு ஒதுக்கப்படும் படகின் பதிவு எண், ஆய்வுச் சான்றிதழும் காப்பீடும் எந்த நாள் வரை செல்லும், எத்தனை பேருக்கு அனுமதி ஆகிய விவரங்களை அச்சிட வேண்டும். பயணி படகுத்துறையில் நின்று அந்த எண்ணைப் படகின் உடலில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தாலே போதும், வேறொரு படகின் சான்றிதழை யாரும் மாட்டி வைக்க முடியாது. தங்கள் விளம்பரங்களில் கேரளச் சுற்றுலாத் துறையின் 'கோல்டு ஸ்டார்' தரச்சான்று பெற்ற படகுகள் என்று குறிப்பிடுகிறீர்கள். எங்களுக்கு ஒதுக்கிய படகுக்கு அந்தத் தரச்சான்று இருந்ததா என்பதையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் தங்களிடமிருந்து தக்க பதில் வரவில்லையெனில், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், சேவைக் குறைபாட்டுக்காக மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். வழக்கு வேண்டுமானால் ஆலப்புழாவில் தொடுங்கள் என்று தங்கள் கிளை ஊழியர் தொலைபேசியில் சொன்னார். நுகர்வோர் தாம் வசிக்கும் ஊரிலேயே புகார் அளிக்க அச்சட்டம் இடமளிக்கிறது என்பதை அவருக்குத் தெரிவித்துவிடுங்கள். இதன் படியொன்றை, படகுகளின் பதிவையும் ஆய்வையும் கவனிக்கும் கேரளக் கடல்சார் வாரியத்துக்கும் அனுப்புகிறேன்.

முன்பதிவுச் சீட்டு, பணம் செலுத்திய ரசீது, விடுதி மற்றும் வாகன ரசீதுகள், படகின் உடலிலும் சட்டமிட்ட சான்றிதழிலும் இருந்த இரு வேறு எண்களின் ஒளிப்படங்கள், தங்கள் பதில் மின்னஞ்சல் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். மூலப்பிரதிகள் என்னிடம் இருக்கின்றன. நேரில் பார்க்க விரும்பினால் அலுவலக நேரத்தில் கொண்டுவந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
மதுரை.