தடியின்ர நிழல் நேரா ஓடுற நாளில குளக்கட்டில ஒரு பொங்கல் வைப்பம்

எங்கட குளத்துக் கமக்காரர் அமைப்புக்கும், கட்டில இருக்கிற ஐயனார் கோயில் நிர்வாகத்துக்கும், விளையாட்டுக்கழகத் தம்பிமாருக்கும் வணக்கம்.

குளத்துத் தண்ணியில கோடையில விதைக்கிற சிறுபோகத்துக்கான கூட்டத்துக்கு முதல் இதை எழுதவேணும் எண்டு கனநாளா நினைச்சுக்கொண்டிருந்தனான், கூட்டத்தில எழும்பிக் கதைச்சா எத்தினை ஏக்கர், ஆருக்கு எப்ப தண்ணி, உரம் எப்ப வரும் எண்டு கதை அங்கால போயிடும், அதுவும் கதைக்கத்தான் வேணும், அதால நான் சொல்ல வந்ததைக் கடிதமா எல்லாரும் வாசிக்கிற மாதிரி எழுதிறன்.

கேக்கிறது ஒண்டுதான். வாற மார்ச் 20 விடியக்காலமை ஊர்ச்சனம் முழுக்கக் குளக்கட்டில கூடி, சூரியன் எழும்பேக்க ஒரு பானை பொங்கவேணும்.

ஏன் அந்த நாள் எண்டு கேப்பியள். பகலும் இரவும் கிட்டத்தட்டச் சமனா வாற நாள் அது, மார்ச்சில ஒருக்கா செப்டெம்பரில ஒருக்கா வரும், மார்ச்சில சில வருசம் 21ஆம் திகதியாப் போகும். அண்டைக்கு எங்கட கட்டில நிண்டு பாத்தாலும் லண்டனில இருக்கிற எங்கட பிள்ளையள் நிண்டு பாத்தாலும் சூரியன் நேர் கிழக்கிலதான் எழும்பும். வெளிநாட்டுக்காரற்ற விசயம் எங்களுக்கு எதுக்கு எண்டு ஒரு அண்ணை கேட்டவர். பஞ்சாங்கத்தை எடுத்துப் பாருங்கோ அண்ணை, வருசப்பிறப்புக்கு விஷு புண்ணியகாலம் எண்டு போட்டிருக்கும், நாங்கள் மருத்துநீர் வைச்சு முழுகிற நேரம். விஷுவம் எண்ட சொல்லே இரவும் பகலும் சமனாகிறதைத்தான் குறிக்குது. ஏறத்தாழ 1700 வருசத்துக்கு முதல் ரெண்டும் ஒண்டாத்தான் வந்தது, பூமியின்ர அச்சு பம்பரம் தலையாட்டுற மாதிரி மெதுமெதுவா ஆடுது, ஒருக்கா சுத்திவர 26,000 வருசம் அளவு, 72 வருசத்துக்கு ஒரு பாகை விலகும், நாங்கள் நட்சத்திரத்தை வைச்சுக் கணக்குப் பாக்கிறபடியா எங்கட வருசப்பிறப்பு இப்ப ஏப்ரல் 14இல வந்து நிக்குது. புதுச்சாமி ஒண்டும் நான் கொண்டுவரேல்ல, விட்ட இடத்துக்கு ஒருக்காப் போய்ப் பாப்பம் எண்டுதான் சொல்லுறன். புளியம்பொக்கணை நாகதம்பிரானின்ர பங்குனி உத்தரப் பொங்கலும், அம்மன் கோயிலுகளின்ர பங்குனித் திங்களும் இந்தக் காலத்தை ஒட்டித்தானே வருது.

போன வருசம் நானும் மகளும் அண்டைக்கு, குளத்தின்ர மிச்சத்தண்ணி வழிஞ்சு ஓடுற வானடியில இருக்கிற மட்டமான வெளியில 6 அடித் தடி ஒண்டை நிமிர்த்தி நட்டனாங்கள். காலமை 8 மணி தொடக்கம் அரை மணிக்கு ஒருக்கா நிழலின்ர நுனியில அவள் ஒரு கூழாங்கல் வைச்சுக்கொண்டு வந்தவள், வெயில் எண்டா சொல்லேலாத வெயில், மருதமரத்துக்குக் கீழ ஓடிப்போய் இருக்கிறதும் நேரத்துக்கு ஓடிவந்து கல்லு வைக்கிறதும். பின்னேரம் 4 மணிக்குக் கயிறு பிடிச்சுப் பாத்தம். அத்தினை கல்லும் மேற்கால இருந்து கிழக்கால ஒரே நேர்கோட்டில! மற்ற நாளில செய்தா அந்தக் கோடு வளையும், சமனான நாளில மட்டும்தான் நேரா வரும். மத்தியானம் 12 மணி தாண்டிக் கால் மணித்தியாலம் போல நிழல் வடக்கால ஒரு அடிதான் இருந்தது. அதே தடியை வருசப்பிறப்பண்டு மத்தியானம் போய்ப் பாத்தா நிழலைக் காணேல்ல, தடிக்குக் கீழயே அடங்கிப்போச்சு. ஏப்ரல் 5 தொடக்கம் 15 வரையில சூரியன் இலங்கைக்கு உச்சம் கொடுக்குது எண்டு வளிமண்டலவியல் திணைக்களம் வருசா வருசம் சொல்லுறது இதைத்தான், எங்கட கிளிநொச்சிப் பக்கம் அது வருசப்பிறப்பை ஒட்டி வருது. "அப்பா, வருசப்பிறப்புக்குச் சூரியன் எங்கட தலைக்கு மேல வந்து நிக்குது எண்டு ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல?" எண்டு கேட்டாள். எனக்கும் ஒருத்தரும் சொல்லேல்ல பிள்ளை எண்டன். இந்தக் கடிதம் அண்டைக்கே தொடங்கிட்டுது.

அந்தக் கிழமை ஊரைப் பாருங்கோ. காலபோகம் வெட்டி முடிஞ்சு வயல் முழுக்க ஒட்டு, வேம்பு பூத்து வாசம் முத்தமெல்லாம் நிக்கும், மாரிக்குச் சுண்டிக்குளம் பக்கம் வந்த பறவையள் வடக்க வெளிக்கிடுற காலம். எங்கட அப்பப்பா காட்டுக்குத் தேனுக்குப் போகேக்க ஒரு குழை முறிச்சு ஐயனாருக்குப் போட்டிட்டுத்தான் உள்ள கால் வைப்பார், காடு எங்கட வீடில்லை நாங்கள் அதுக்கு விருந்தாளியள் எண்டுவார். இப்ப எங்கட பிள்ளையளுக்கு பாலை மரத்துக்கும் வீரை மரத்துக்கும் வித்தியாசம் தெரியாது, அது அதுகளின்ர பிழையில்லை, நாங்கள் கூட்டிக்கொண்டு போகேல்ல.

யப்பானில இந்த நாள் 1948இல இருந்து அரசாங்க விடுமுறை, இயற்கையையும் உயிர்களையும் நேசிக்கிற நாள் எண்டு சட்டத்திலயே எழுதியிருக்கு, சனம் அந்தக் கிழமையில தங்கட ஆக்களின்ர கல்லறைக்குப் போய்ப் பூ வைக்குங்கள். ஈரானில இதுதான் வருசப்பிறப்பு. கல்லறை எண்டு எழுதேக்க எனக்குக் கை நிண்டிட்டுது. 2009க்குப் பிறகு பூ வைக்கக்கூட ஒரு இடமில்லாத வீடு எங்கட ஊரில எத்தினை இருக்கு. 2010இல திரும்பி வந்து பத்தைக்குள்ள கட்டைத் தேடிப்பிடிச்சு, ஆரோ தந்த ஒரு பானையில ஏழெட்டுக் குடும்பம் சேந்து பொங்கினதை இஞ்ச இருக்கிற கனபேர் மறந்திருக்கமாட்டியள். அந்தப் பொங்கலைத்தான் நான் திரும்பக் கேக்கிறன்.

ரெண்டு வருசத்துக்கு முதல் கட்டில நடந்த ஒரு விழாவைப் பற்றியும் சொல்லவேணும். ஆர் வைச்சது எண்டு எழுதேல்ல, தெரிஞ்ச ஆக்களுக்குத் தெரியும். ஜெனரேட்டர், ஆளுயர ஸ்பீக்கர் பெட்டி, விடிய விடியப் பாட்டு, மருதமரத்துக் கொக்குகள் ரெண்டு நாளா வந்து அடையேல்ல. சிறுபோகத்துக்குத் தண்ணி விடுற மதகு, அதுதான் துருசு, திறக்கேக்க தண்ணி சரியா வரேல்ல, இறங்கிப் பாத்தா வாயில லஞ்ச் சீற்றும் யோகட் கப்பும் கட்டியா இறுகிக் கிடக்குது, நாங்கள் மூண்டு பேர் கையாலதான் இழுத்து எடுத்தனாங்கள்.

அதால தயவுசெய்து ஸ்பீக்கர் வேண்டாம், பறையும் சங்கும் காணும். சாப்பாடு வாழையிலையிலயோ தாமரை இலையிலயோ இருக்கட்டும். பானையைக் கோயில் வீதிக்குள்ள வைக்காம கட்டு வெளியில வையுங்கோ, வேதக்கார, கிறிஸ்தவச் சனமும் முஸ்லிம் ஆக்களும் தங்கட குளம் எண்டு வந்து நிக்கவேணும், தண்ணி எல்லாருக்கும்தானே. பொங்கி முடிய வாய்க்கால் துப்பரவாக்கிற சிரமதானத்தை அண்டைக்கே தொடங்கலாம், எப்பிடியும் செய்யவேண்டிய வேலை. 21 உலகக் காட்டு நாள், 22 உலகத் தண்ணி நாள் எண்டு பள்ளிக்கூடத்தில பேச்சுப்போட்டி வைக்கப்போயினம், பிள்ளையளை ஒரு நாளைக்குக் கட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கேப்பம். ஒண்டு மட்டும், படத்துக்கு மரம் நடவேண்டாம். மார்ச்சில நட்ட கண்டு ஆவணிக்கிடையில கருகிப்போம், நடுறதெண்டா ஐப்பசி மழைக்கு நடுவம், இப்ப போன மாரியில நட்ட மருதங்கண்டுகளுக்கு ஆளுக்கொரு வாளி தண்ணி ஊத்தினாக் காணும்.

சிவப்புப் பச்சையரிசி என்ர வீட்டில இருந்து தாறன். பாலும் தேங்காயும் ஆர் எண்டு கூட்டத்தில சொல்லுங்கோ. சூரியன் ஆறேகால் போல எழும்பும், அடுப்பு 5 மணிக்கு மூட்டவேணும், நானும் மகளும் தடியோட வானடியில நிப்பம். கல்லு வைக்கிறதுக்கு இன்னும் பத்துப் பிள்ளையள் வேணும் எண்டு அவள் சொல்லச் சொன்னவள்.